சர்வருக்குப் பூட்டு: டிஎல்எஸ் இணைப்பை நீங்களே அமைப்பது எப்படி?

மதுரை கோரிப்பாளையத்தில் பெரியாஸ்பத்திரியைச் சுற்றியுள்ள ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் காலை ஏழு மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடும். உசிலம்பட்டி, மேலூர், சோழவந்தானிலிருந்து வருகிறவர்கள் ரத்தம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவார்கள். ரிப்போர்ட்டை மாலையில் போனில் பார்த்துக்கொள்வார்கள். அப்படி ஒரு கூடத்துக்கு நான் சர்வர் அமைத்துக் கொடுத்திருந்தேன். ஒரு நாள் அங்கே போனபோது, கவுன்ட்டரில் இருந்த தம்பி போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்:

“சிவப்பா ஒரு பக்கம் வருதாம்மா? அட்வான்ஸ்டுன்னு இருக்கும் பாருங்க, அதை அமுக்குங்க. கீழ ப்ரொசீட்னு வரும், அதையும் அமுக்குங்க. ஒண்ணும் ஆகாதும்மா.”

முந்தின நள்ளிரவில் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டைச் சோதித்துப் பார்க்காமல் விட்டவன் நான்தான். சரிசெய்யப் பத்து நிமிடம் ஆனது. ஆனால் சிவப்புப் பக்கம் வந்தால் தாண்டிப் போகலாம் என்று அந்த அம்மா அன்று கற்றுக்கொண்டதை என்னால் சரிசெய்ய முடியவில்லை. நாளைக்கு வங்கியின் பெயரில் போலிப் பக்கம் வந்தாலும் அதே இரண்டு பொத்தான்களைத்தான் அமுக்குவார்.

உங்கள் கவுன்ட்டரில் யாரும் எப்போதும் அந்த வாக்கியத்தைச் சொல்ல நேரக்கூடாது. இந்த அத்தியாயத்தின் வேலை அவ்வளவுதான்.

## தெரிந்துகொள்ள வேண்டிய அளவுக்குக் கோட்பாடு

சாதாரண எச்டிடிபி இணைப்பு போஸ்ட் கார்டு மாதிரி. வழியில் கைமாறுகிற எல்லாரும் படிக்கலாம், திருத்தவும் செய்யலாம். டிஎல்எஸ் அதை முத்திரை வைத்த உறையாக்குகிறது. உள்ளே இருப்பது வெளியே தெரியாது. யாராவது திருத்தினால் தெரிந்துவிடும். அனுப்புகிற சர்வர் அந்தப் பெயருக்கு உரியதுதான் என்பதைச் சான்றிதழ் உறுதிசெய்யும்.

பதிப்புகளைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். டிஎல்எஸ்ஸுக்கு முன்னோடியான எஸ்எஸ்எல் 3.0 பதிப்பின் கதையை 2014-இல் ‘பூடில்’ என்ற ஓட்டை முடித்துவைத்தது. டிஎல்எஸ் 1.0 (1999), 1.1 (2006) இரண்டையும் பயன்படுத்தக் கூடாது என்று இணையத் தர அமைப்பு 2021 மார்ச்சில் அறிவித்துவிட்டது. இன்று திறந்திருக்க வேண்டியவை 1.2 (2008), 1.3 (2018) இரண்டு மட்டுமே. பேச்சு வழக்கில் இன்னும் ‘எஸ்எஸ்எல் போடுறது’ என்றே சொல்கிறோம். அமைப்புக் கோப்பிலும் அந்தப் பெயர்தான் தங்கிவிட்டது. குழம்ப வேண்டாம், இரண்டும் ஒரே வேலைதான்.

## கட்டளைகளை வாசிக்கும் முறை

இந்தப் புத்தகத்தில் கட்டளைகளை, போனில் ஒருவருக்கு ஒருவர் சொல்கிற மாதிரி தமிழ் ஒலிப்பில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். ‘மைனஸ் மைனஸ்’ என்றால் இடைவெளி விடாமல் இரண்டு கோடுகள். கட்டளையின் பாதி வரை தட்டி டேப் விசையை அழுத்தினால் பெரும்பாலும் மீதியைக் கம்ப்யூட்டரே எழுதிவிடும், எழுத்துக்கூட்டல் தப்பாது.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

1. உபுண்டு ஓடும் ஒரு சர்வர். மும்பையிலோ சென்னையிலோ வாடகைக்கு எடுத்ததாக இருக்கலாம். கடையிலேயே இருக்கும் கம்ப்யூட்டராகவும் இருக்கலாம்.
2. உங்கள் பெயரில் பதிவான டொமைன். அதன் டிஎன்எஸ் பக்கத்தின் கடவுச்சொல் உங்களிடமே இருக்க வேண்டும். “வெப்சைட் செஞ்ச அண்ணன்ட்ட இருக்கு” என்றால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள்.
3. பொது ஐபி முகவரி.
4. என்ஜின்எக்ஸ் நிறுவப்பட்டு, சாதாரண எச்டிடிபியில் பக்கம் திறக்க வேண்டும்.
5. யாரும் குறுக்கிடாத இரண்டு மணி நேரம். பரிசோதனைக் கூடமாக இருந்தால் மதியம் நல்லது.

குறிப்பு: சித்திரைத் திருவிழா வாரத்தில் கை வைக்காதீர்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் ஏ.வி. பாலத்தைச் சுற்றிப் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். சர்வர் கடைக்குள் இருந்து, ஏதாவது தப்பாகப் போனால், அங்கே போய்ச் சேரவே முடியாது.

கடைக் கம்ப்யூட்டர்தான் சர்வர் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். பல பிராட்பேண்ட் இணைப்புகளில் உங்களுக்கென்று தனிப் பொது ஐபி கிடைப்பதில்லை. பலருக்குச் சேர்த்து ஒரே முகவரிதான். ரவுட்டரின் பக்கத்தில் தெரியும் வெளி முகவரி 100.64-இல் தொடங்கி 100.127 வரைக்குள் இருந்தால் உங்கள் நிலை அதுதான். வெளியிலிருந்து யாரும் உங்கள் கதவைத் தட்ட முடியாது. இணைப்பு தருகிறவரிடம் நிலையான ஐபி கேளுங்கள். இல்லையென்றால் வாடகை சர்வருக்கு மாறுங்கள்.

## அமைக்கும் படிகள்

வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படியை நம்பி நிற்கிறது.

### படி 1: கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்

சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கடிகாரம் தப்பாக இருந்தால் நல்ல சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். பழைய கம்ப்யூட்டரில் சீமாஸ் பேட்டரி செத்திருந்தால், ஒவ்வொரு கரண்ட் கட்டுக்குப் பிறகும் தேதி பல வருடம் பின்னால் ஓடிவிடும். அந்த நாணய அளவு பேட்டரியின் எண் பெரும்பாலும் 2032. முதலில் அதை மாற்றுங்கள்.

1. ‘டைம்டேட்சிடிஎல்’ என்று தட்டுங்கள். நேர மண்டலம் ஆசியா/கொல்கத்தா என்றும், கடிகாரம் ஒத்திசைந்திருக்கிறது என்றும் காட்ட வேண்டும்.
2. ஒத்திசையவில்லை என்றால் ‘சுடோ டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ட்ரூ’.

இந்தியாவில் இது சட்டக் கடமையும்கூட. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு மூன்று விஷயங்களைக் கேட்கிறது: கடிகாரம் தேசியத் தகவலியல் மையத்தின் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு, அல்லது அவற்றைப் பின்பற்றும் சர்வரோடு ஒத்திசைய வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், பட்டியலில் உள்ள பாதுகாப்புச் சம்பவம் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

### படி 2: பெயரை முகவரியோடு இணையுங்கள்

1. டிஎன்எஸ் பக்கத்தில் ‘ஏ’ பதிவில் சர்வரின் ஐபியைக் கொடுங்கள்.
2. அதே பெயருக்கு நான்கு ‘ஏ’ கொண்ட பதிவு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அது ஐபிவி6 முகவரி. பழைய சர்வரின் முகவரி அங்கே தங்கிவிட்டிருந்தால், சான்றிதழ் தருகிறவர் அங்கே போய்த் தட்டுவார். உங்களுக்கோ காரணமே புரியாது. தேவையில்லாததை அழித்துவிடுங்கள்.
3. ‘பிங்’ கட்டளையால் பெயர் சரியான முகவரிக்குப் போகிறதா என்று பாருங்கள். மாற்றம் பரவச் சிறிது நேரம் ஆகும்.

உஷார்: பொதுவில் நம்பப்படும் சான்றிதழ் ஒவ்வொன்றும் எல்லாரும் பார்க்கக்கூடிய பதிவேட்டில் ஏறிவிடும். துணைப் பெயரில் நோயின் பெயர், ஊழியரின் பெயர், ‘பழைய-பேக்கப்’ போன்றவற்றை வைக்காதீர்கள்.

### படி 3: ஃபயர்வாலில் சரியான கதவுகளைத் திறங்கள்

1. முதலில் நீங்கள் உள்ளே வரும் வழி: ‘சுடோ யுஎஃப்டபிள்யூ அலவ் 22’. எஸ்எஸ்எச்சை வேறு போர்ட்டில் வைத்திருந்தால் அந்த எண்.
2. அடுத்து ‘சுடோ யுஎஃப்டபிள்யூ அலவ் 80’, பிறகு 443.
3. கடைசியாகத்தான் ‘சுடோ யுஎஃப்டபிள்யூ எனேபிள்’.

ஒன்றாவதை மறந்துவிட்டு மூன்றாவதைச் செய்தால், வீட்டுக்கு வெளியே நின்றுகொண்டு தாழ்ப்பாளை உள்ளே போட்ட கதைதான். வாடகை சர்வரில் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்திலும் தனியாக ஒரு ஃபயர்வால் இருக்கலாம். அங்கேயும் இதே மூன்று போர்ட்டுகளைத் திறக்க வேண்டும்.

### படி 4: இருப்பதைப் பிரதி எடுத்து வையுங்கள்

ஈடிசிக்குள் இருக்கும் என்ஜின்எக்ஸ் ஃபோல்டரை அப்படியே உங்கள் ஹோம் ஃபோல்டருக்குப் பிரதி எடுங்கள். பெயரில் தேதியைச் சேருங்கள்.

பலர் செய்யும் தவறு: பிரதியை ‘சைட்ஸ்-எனேபிள்டு’ ஃபோல்டருக்குள்ளேயே வைப்பது. அங்கே இருக்கும் எல்லாக் கோப்புகளையும் என்ஜின்எக்ஸ் படிக்கும், பழைய பிரதியையும் சேர்த்து. ஒரே பெயருக்கு இரண்டு அமைப்புகள் மோதும். நீங்கள் திருத்துவது எதுவும் எடுபடாதது போலத் தோன்றும்.

### படி 5: சான்றிதழ் வாங்குங்கள், ஒத்திகை பார்த்துவிட்டு

லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு 2015-இலிருந்து இலவசமாகச் சான்றிதழ் தருகிறது. வாங்கித் தரும் கருவியின் பெயர் செர்ட்பாட்.

1. நிறுவ: ‘சுடோ ஸ்னாப் இன்ஸ்டால் மைனஸ் மைனஸ் கிளாசிக் செர்ட்பாட்’.
2. ஒத்திகை: ‘சுடோ செர்ட்பாட் செர்ட்ஒன்லி மைனஸ் மைனஸ் என்ஜின்எக்ஸ் மைனஸ் மைனஸ் ட்ரை-ரன் மைனஸ் டி’, பிறகு உங்கள் டொமைன் பெயர்.
3. ஒத்திகை வெற்றி என்று வந்தால் மட்டும்: ‘சுடோ செர்ட்பாட் மைனஸ் மைனஸ் என்ஜின்எக்ஸ் மைனஸ் டி’, பிறகு பெயர்.
4. மின்னஞ்சல் கேட்டால் நீங்கள் தினமும் பார்க்கும் முகவரியைக் கொடுங்கள்.

ஒத்திகை ஏன்? ஒரே பெயருக்கு ஒரு மணி நேரத்தில் ஐந்து முறை சரிபார்ப்பு தோற்றால் கதவு சிறிது நேரம் மூடிக்கொள்ளும். அதே பெயர்களுக்குத் திரும்பத் திரும்ப வாங்கினால் ஏழு நாளில் ஐந்து சான்றிதழ்தான். ‘மறுபடி மறுபடி அடிச்சுப் பாப்போம்’ என்று அடித்தால் அந்த வாரம் போச்சு. ஒத்திகையின் தோல்விகள் இந்தக் கணக்கில் சேராது.

சான்றிதழைக் கையால் அமைப்புக் கோப்பில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. செர்ட்பாட் தரும் கோப்புகளில் ‘செர்ட்.பெம்’ என்று ஒன்று உண்டு, ‘ஃபுல்செயின்.பெம்’ என்று ஒன்று உண்டு. போட வேண்டியது ஃபுல்செயின். முதலாவதைப் போட்டால் உங்கள் கவுன்ட்டர் கம்ப்யூட்டரில் பக்கம் நன்றாகத் திறக்கலாம். விடுபட்ட இடைச் சான்றிதழை அந்த பிரவுசர் தானே தேடி எடுத்துக்கொள்ளும். நோயாளியின் போனில் இருக்கும் பிரவுசர் அப்படித் தேடாமல் சிவப்புப் பக்கத்தைக் காட்டிவிடலாம். “எங்களுக்கு நல்லாத்தான வருது, உங்க போன்லதான் கோளாறு” என்று சொல்லும் முன் இதைப் பாருங்கள்.

### படி 6: பழைய பதிப்புகளை மூடுங்கள்

1. என்ஜின்எக்ஸின் முதன்மை அமைப்புக் கோப்பில் ‘எஸ்எஸ்எல் அடிக்கோடு புரோட்டோகால்ஸ்’ என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். உபுண்டுவின் பல பதிப்புகளில் அங்கே 1.0, 1.1 இரண்டும் இன்னும் எழுதப்பட்டிருக்கும்.
2. அவற்றை எடுத்துவிட்டு 1.2, 1.3 மட்டும் வையுங்கள்.
3. வரியின் முடிவில் அரைப்புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பேர் தடுக்கி விழுவது இந்த அரைப்புள்ளியில்தான்.

செர்ட்பாட் தன் பங்குக்கு ஒரு விருப்பக் கோப்பை உங்கள் தளத்தின் அமைப்பில் சேர்த்திருக்கும். அதிலும் இதே வரி உண்டு. தளத்தின் அமைப்பில் நீங்களும் அந்த வரியை எழுதினால், ‘இரட்டை வரி’ என்று பிழை வரும். ஒரே சர்வரில் பல தளங்கள் இருந்தால், ஒரு தளத்துக்கு மட்டும் எழுதிய பதிப்பு விதி எடுபடாமல் போகலாம்; அந்த முகவரிக்கு இயல்பாக நிற்கும் முதல் தளத்தின் விதியே எல்லாவற்றையும் ஆளும். அதனால் எல்லா இடத்திலும் ஒரே விதியை வையுங்கள்.

சைஃபர் பட்டியல் பற்றி: 1.3 பதிப்புக்குத் தனியாக எதுவும் எழுத வேண்டாம். 1.2 பதிப்புக்கு, மொசில்லா வெளியிடும் அமைப்பு உருவாக்கியில் ‘இடைநிலை’ என்ற தேர்வை எடுத்து, அது தரும் பட்டியலை அப்படியே பயன்படுத்துங்கள். பத்து வருடப் பழைய குறிப்பிலிருந்து நகலெடுக்காதீர்கள். அதில் ஆர்சி4, டிரிபிள் டிஇஎஸ் போன்ற காலாவதியான முறைகள் இருக்கலாம். பழைய குறிப்புகளில் ‘ஓசிஎஸ்பி ஸ்டேப்ளிங்’ வரியும் இருக்கும். லெட்ஸ் என்க்ரிப்ட் 2025-இல் அந்தச் சேவையை நிறுத்திவிட்டதால் அதன் சான்றிதழுக்கு அந்த வரி தேவையில்லை.

### படி 7: சோதித்து, மெதுவாக ஏற்றுங்கள்

1. ‘சுடோ என்ஜின்எக்ஸ் மைனஸ் டி’. அமைப்புக் கோப்பில் பிழை இருந்தால் எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று சொல்லும்.
2. சரி என்று வந்த பிறகே ‘சுடோ சிஸ்டம்சிடிஎல் ரீலோட் என்ஜின்எக்ஸ்’.

ரீஸ்டார்ட் அடிக்காதீர்கள், ரீலோட் அடியுங்கள். ரீலோடில் புதிய அமைப்பு தப்பாக இருந்தால் பழையதே தொடர்ந்து ஓடும். ரீஸ்டார்ட்டில் பழையது நின்றுவிடும், புதியதும் எழாது. அந்த நேரம் பார்த்துத்தான் டாக்டர் போன் பண்ணுவார்.

### படி 8: 80-இலிருந்து 443-க்குத் திருப்புங்கள்

செர்ட்பாட் பெரும்பாலும் இதைத் தானே செய்துவிடும். முகவரியின் தொடக்கத்தில் எச்டிடிபி என்று மட்டும் தட்டிப் பாருங்கள்; தானாக எச்டிடிபிஎஸ் ஆக மாற வேண்டும்.

‘80-தான் பாதுகாப்பில்லாததாச்சே’ என்று அந்தப் போர்ட்டை ஃபயர்வாலில் மூடாதீர்கள். புதுப்பிக்கும்போது செர்ட்பாட்டுக்கு அந்த வழி வேண்டும்.

### படி 9: எச்எஸ்டிஎஸ் தலைப்பு, படிப்படியாக

‘இனி இந்தப் பெயருக்குப் பாதுகாப்பான இணைப்பில்தான் போக வேண்டும்’ என்று பிரவுசருக்குச் சொல்லி வைக்கும் வரி இது. சொன்ன காலம் முடியும் வரை பிரவுசர் அதை மறக்காது. இது இருந்தால் சான்றிதழ் கெட்ட நாளில் ‘ப்ரொசீட்’ என்ற பொத்தானே பிரவுசரில் வராது. தவறான பழக்கம் பரவாமல் தடுப்பதும் இதுதான். நீங்கள் அசட்டையாக இருந்தால் மாட்டிக்கொள்வதும் இதில்தான்.

1. முதலில் 300 வினாடி. ஒரு நாள் பாருங்கள்.
2. பிறகு 604800 வினாடி, அதாவது ஒரு வாரம். ஒரு மாதம் பாருங்கள்.
3. ஒரு முறை சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்பட்டதைக் கண்ணால் பார்த்த பிறகு 31536000, அதாவது ஒரு வருடம்.

‘துணைப் பெயர்கள் எல்லாவற்றுக்கும்’ என்ற தேர்வையும் ‘ப்ரீலோட்’ என்ற தேர்வையும் அவசரப்பட்டுச் சேர்க்காதீர்கள். பழைய துணைப் பெயர் ஒன்று எச்டிடிபியிலேயே ஓடிக்கொண்டிருந்தால் அது அன்றே முடங்கும். ப்ரீலோட் பட்டியலிலிருந்து வெளியே வர மாதக் கணக்கில் ஆகும்.

### படி 10: புதுப்பித்தலை ஒத்திகை பாருங்கள்

நான் தவறவிட்ட படி இது.

1. ‘சுடோ செர்ட்பாட் ரெனியூ மைனஸ் மைனஸ் ட்ரை-ரன்’. வெற்றி என்று வர வேண்டும்.
2. ‘சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ்’ பட்டியலில் செர்ட்பாட் பெயர் இருக்க வேண்டும்.
3. சான்றிதழை வேறு முறையில் வாங்கியிருந்தால், புதுப்பித்ததும் என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யும் ‘டிப்ளாய்-ஹுக்’ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் புதிய சான்றிதழ் வட்டில் இருக்கும். சர்வரோ பழையதையே கையில் வைத்துக்கொண்டு நிற்கும்.

முன்பெல்லாம் காலாவதி நெருங்கினால் லெட்ஸ் என்க்ரிப்ட் மின்னஞ்சல் அனுப்பும். 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுத்து ஒரு வருடச் சான்றிதழ் வாங்கிவிட்டால் நிம்மதி என்ற எண்ணமும் இனி உதவாது. பிரவுசர் நிறுவனங்களும் சான்றிதழ் நிறுவனங்களும் சேர்ந்த மன்றம் 2025-இல் எடுத்த முடிவின்படி, சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027-இல் 100 நாள், 2029-இல் 47 நாள் என்று குறைகிறது. கையால் புதுப்பிக்கும் காலம் முடிந்துவிட்டது.

### படி 11: யார் சான்றிதழ் தரலாம் என்று எழுதி வையுங்கள்

2014 ஜூலையில் ஒரு சம்பவம் நடந்தது. நம் நாட்டின் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றிதழ் பிரிவிலிருந்து கூகுளின் பெயர்களுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியாகியிருந்ததை கூகுள் கண்டுபிடித்தது. அவை ரத்து செய்யப்பட்டன. உங்கள் பெயருக்கு நீங்கள் கேட்காமலே எங்கோ ஒருவர் சான்றிதழ் வாங்கிவிட முடியும் என்பதை அது காட்டியது.

அதற்கு ஒரு சிறு தடுப்பு: டிஎன்எஸ் பக்கத்தில் ‘சிஏஏ’ என்ற பதிவைச் சேர்த்து, லெட்ஸ் என்க்ரிப்ட் மட்டும் தரலாம் என்று எழுதுங்கள். சான்றிதழ் தருகிறவர்கள் 2017 செப்டம்பரிலிருந்து இந்தப் பதிவைப் பார்த்தே ஆக வேண்டும். நிறுவனத்தை மாற்றும்போது இந்தப் பதிவையும் மாற்ற மறக்காதீர்கள்.

### படி 12: வெளியிலிருந்து பாருங்கள்

1. கடை வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் திறங்கள். உள்ளிருந்து பார்ப்பது சோதனை ஆகாது.
2. எஸ்எஸ்எல் லேப்ஸ் சோதனைப் பக்கத்தில் பெயரைக் கொடுங்கள். முடிவைப் பொதுப் பலகையில் காட்ட வேண்டாம் என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். ‘ஏ’ வந்தால் போதும். கூட்டல் குறிக்காக மெனக்கெட வேண்டாம்.
3. பிரவுசரில் சான்றிதழின் முடிவு நாளைப் பார்த்து நாள்காட்டியில் குறியுங்கள்.

குறிப்பு: “பூட்டுப் படம் வரலியேண்ணே” என்று தம்பி பயப்படலாம். குரோம் 2023 செப்டம்பரில் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டு வேறு ஒரு சின்னத்தை வைத்துவிட்டது. போலித் தளத்துக்கும் பூட்டு கிடைக்கும் என்பதால், பூட்டைப் பார்த்து மக்கள் ஏமாறக்கூடாது என்பது காரணம்.

## அறிகுறியும் காரணமும்

- கம்ப்யூட்டரில் சரி, போனில் சிவப்பு: ஃபுல்செயினுக்குப் பதில் செர்ட் கோப்பு.
- ஒரே ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் சிவப்பு: அவர் போனின் தேதியைப் பாருங்கள். தேதி சரியென்றால் ஆண்ட்ராய்டு பதிப்பைப் பாருங்கள், 7.1.1-க்கு முந்தைய போன்கள் லெட்ஸ் என்க்ரிப்டின் மூலச் சான்றிதழை நம்புவதில்லை.
- கரண்ட் போய் வந்ததும் புதுப்பிப்பதில் கோளாறு: சர்வரின் கடிகாரம்.
- புதுப்பித்தும் பழைய தேதியே தெரிகிறது: ரீலோட் ஆகவில்லை.
- பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ‘அதிகத் திருப்பல்கள்’ என்கிறது: 80-உம் 443-உம் ஒன்றையொன்று திருப்பிவிடுகின்றன, அல்லது நடுவில் இருக்கும் சேவை சர்வரோடு எச்டிடிபியில் பேசுகிறது.
- சரிபார்ப்பு தோல்வி: 80 மூடியிருக்கிறது, அல்லது பழைய ஐபிவி6 பதிவு.

## சாவி பத்திரம்

‘பிரைவ்கீ.பெம்’ என்ற கோப்புதான் உங்கள் சாவி. சான்றிதழை ஊருக்கே காட்டலாம். சாவி சர்வரை விட்டு வெளியே போகக்கூடாது.

1. சாவிக் கோப்பின் அனுமதி 600 ஆக இருக்கட்டும். உரிமை ரூட்டுக்கு மட்டும். ‘பெர்மிஷன் பிழை வருது’ என்று 777 போடாதீர்கள்.
2. வாட்ஸ்அப்பில், மின்னஞ்சலில், பென்டிரைவில் அனுப்பாதீர்கள். உதவி கேட்கும்போது பிழைச் செய்தியை மட்டும் படம் எடுத்து அனுப்புங்கள்.
3. சாவி வெளியே போனதாகச் சந்தேகம் வந்தாலே, புதிய சாவியோடு புதிய சான்றிதழ் வாங்கி ஏற்றுங்கள். பிறகு பழையதை செர்ட்பாட்டின் ‘ரிவோக்’ கட்டளையால் ரத்து செய்யுங்கள்.
4. ஓப்பன்எஸ்எஸ்எல் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள். 2014 ஏப்ரலில் வெளியான ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டை, சர்வரின் நினைவகத்திலிருந்தே சாவியைக் கசியவிட்டது.

இன்னொன்று: டிஎல்எஸ் காப்பது வழியை மட்டும்தான், வீட்டை அல்ல. ரிப்போர்ட்டின் முகவரி 1041 என்று முடிந்து, அதை 1042 ஆக மாற்றினால் அடுத்தவரின் ரிப்போர்ட் திறக்கிறது என்றால், இந்த அத்தியாயத்தின் பன்னிரண்டு படிகளும் வீண். உங்கள் சாஃப்ட்வேரில் இதை இன்றே சோதித்துப் பாருங்கள். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு செய்யாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு இடம் தருகிறது.

## மாதம் ஒரு முறை, ஐந்து நிமிடம்

1. ‘சுடோ செர்ட்பாட் சர்டிஃபிகேட்ஸ்’: எத்தனை நாள் மீதி? ஆயுளில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போயிருந்தால் புதுப்பித்தல் நின்றுவிட்டது என்று அர்த்தம்.
2. அதே தேதி பிரவுசரிலும் தெரிகிறதா?
3. ரெனியூ ஒத்திகை.
4. ‘டைம்டேட்சிடிஎல்’.
5. உபுண்டு புதுப்பிப்புகள்.

முதல் தேதி கரண்ட் பில், வாடகை பார்க்கிற நாளோடு இதையும் சேர்த்துவிடுங்கள், மறக்காது.

## கவுன்ட்டரில் ஒட்ட வேண்டிய அட்டை

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் சிவப்புப் பக்கம் வரத்தான் செய்யும். பழைய போன் வைத்திருக்கிறவருக்கு உங்கள் தவறே இல்லாமலும் வரும். அன்று கவுன்ட்டரில் இருப்பவருக்கு என்ன சொல்வது என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வாயில் வருவது ‘ப்ரொசீட்’தான். நான் இப்போது சர்வர் அமைத்துக் கொடுக்கும் இடத்தில் எல்லாம், கம்ப்யூட்டர் திரைக்குக் கீழே ஒரு அட்டையும் ஒட்டிவிட்டு வருகிறேன்:

“சிவப்புப் பக்கம் வந்தால் தாண்டச் சொல்லக் கூடாது. ‘அதை மூடிருங்கம்மா. நீங்க வர்றப்ப ரிப்போர்ட்டக் கையில பிரின்ட் எடுத்துத் தர்றோம். அவசரம்னா டாக்டர்கிட்ட நாங்களே நேராக் கொடுத்திர்றோம்’ என்று சொல்லவும். உடனே சர்வர் பார்ப்பவரைக் கூப்பிடவும்.”

கீழே உங்கள் போன் நம்பரை எழுதுங்கள்.